நண்பர்களோடு சின்னக் கடைக்குப் போனால், மெனுவுக்கு முன்னால் அடுப்பைப் பாருங்கள்

சின்ன உணவகங்களைக் கூட்டமாகப் போய்ச் சாப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பத்து மேசை போட்ட கடையாக இருந்தாலும் உள்ளே எரிவது இரண்டு அல்லது மூன்று அடுப்பு. நிற்பது ஒரு மாஸ்டர், ஒரு கையாள். ஆறு பேர் உட்கார்ந்து ஆறு வகை சொன்னால் ஆறும் வரிசை கட்டி நிற்கும். ஒரு வகைக்கு 6 நிமிடம், இரண்டு அடுப்பு முழுக்க உங்கள் மேசைக்கே என்று வைத்துக்கொண்டாலும் கடைசித் தட்டு வர 18 நிமிடம் ஆகும். முதல் தட்டு 6 நிமிடத்தில் வந்துவிடும். அந்தத் தட்டுக்காரர் 12 நிமிடம் மற்றவர்களுக்காகக் காத்திருந்தால் ஆறிப்போனதைத்தான் சாப்பிடுவார். பிறகு "கடை சுமார்" என்று பேச்சு வரும். மாஸ்டர் மேல் தப்பே இல்லை.

ஆறு பேர் என்றால் மூன்று வகை, வகைக்கு இரண்டு தட்டு என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு தட்டு அளவை ஒரே வாணலியில் ஒரே வீச்சில் செய்துவிடலாம். ஆனால் ஒரே வகையில் ஐந்து தட்டு கேட்பதும் கெடுதல். வாணலி நிறையக் கொட்டியதும் சூடு இறங்கும், காயும் கறியும் தண்ணீர் விடும், வறுபட வேண்டியது அந்தத் தண்ணீரில் வெந்துபோகும். வாணலி பக்கத்தில் நின்றால் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சரியாக வறுபடும்போது சடசடவென்ற சத்தம் விடாமல் கேட்கும். அது அடங்கி, களகளவென்று கொதிக்கும் சத்தமாக மாறினால் வாணலி தாங்காத அளவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

"எல்லாத்தையும் சேர்த்துக் கொண்டு வாங்க" என்று சப்ளையரிடம் சொல்லாதீர்கள். முதலில் ஆனது உள்ளே மேடையில் ஆறிக்கிடக்கும். ஆக ஆக வரட்டும், நடுவில் வைத்துப் பங்கிடுங்கள்.

—

மேலே உள்ளதோடு ஆள் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புதுக் கடையைச் சோதிக்க நாலு பேர்தான் சரியான கணக்கு. பெரும்பாலான மேசை நாலு பேருக்கானது. ஐந்தாவது ஆள் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்காருவார், சப்ளையர் ஒவ்வொரு தடவையும் அவரைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். ஏழெட்டுப் பேர் வந்துவிட்டால் மேசைகளை இணைக்கச் சொல்வதைவிட இரண்டாகப் பிரிந்து உட்காருவது நல்லது. இரண்டு மேசைக்கும் ஒரே ஆள் ஆர்டர் சொல்லட்டும். ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டால் அதே ஐட்டம் இரண்டு தடவை பதிவாவதும், ஒன்று விட்டுப்போவதும் நடக்கும்.

நேரம்: கூட்டம் ஏறுவதற்கு 20, 30 நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள். கடை திறந்த கையோடு போனால் கல்லும் எண்ணெயும் சூடு ஏறியிருக்காது, முதல் இரண்டு தட்டு சரியாக வராது. மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போனால் மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும், அடுப்பைக் கழுவும் அவசரத்தில் செய்து தருவார்கள். ஒரு கடையை அந்த நேரத்தில் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவது நியாயமே இல்லை.

—

ஆர்டர் பற்றி. "இங்க என்ன நல்லா இருக்கும்?" என்று கேட்டால் "எல்லாமே நல்லா இருக்கும்" என்றுதான் பதில் வரும். "இப்போ அடுப்பில் என்ன ஓடுது? எது அதிகமாப் போகுது?" என்று கேளுங்கள். அதிகம் போகிற ஐட்டத்தில் பொருள் தேங்காது, மாஸ்டரின் கையும் அதில்தான் பழகியிருக்கும். மூன்று அடுப்பு உள்ள கடையில் நூறு ஐட்டம் எழுதியிருந்தால், பல குழம்புக்கு அடிப்படை மசாலா ஒன்றாகவே இருக்கும். அது குற்றம் இல்லை. அப்படிப்பட்ட மூன்று குழம்பை வாங்கி வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை, அவ்வளவுதான்.

அளவுக்கு நான் பரிந்துரைப்பது: முதல் சுற்றில் ஆள் எண்ணிக்கையைவிடக் குறைவாகவே வகை சொல்லுங்கள். நாலு பேருக்கு மூன்று வகை, கூடவே சோறோ ரொட்டியோ. தட்டு எவ்வளவு பெரியது என்று கண்ணால் பார்த்த பிறகு, பாதி சாப்பிட்டு முடிக்கும்போது இரண்டாவது சுற்று. எல்லாம் தீர்ந்த பிறகு சொன்னால் மறுபடியும் கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும்.

காரமானதைக் கடைசியில் வையுங்கள். மிளகாயின் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தண்ணீர் குடிக்கக் குடிக்க வாயெல்லாம் பரவுமே ஒழிய எரிச்சல் தணியாது. பாலும் தயிரும்தான் தணிக்கும், அதில் உள்ள கேசின் என்ற புரதமும் கொழுப்பும் அதைப் பிடித்து எடுத்துப் போகும். முதலிலேயே காரம் சாப்பிட்டுவிட்டால் அடுத்த இரண்டு வகையின் ருசி தெரியாது. கொதிக்கக் கொதிக்க வாயில் வைத்து "உப்பு சரி" என்றும் முடிவு கட்டாதீர்கள். மிதமான சூட்டுக்கு இறங்கிய பிறகுதான் உப்பு தன் அளவைக் காட்டும். இரண்டாவது வாய்க்குப் பிறகு சொல்லுங்கள்.

—

ருசியைவிட வயிறு முக்கியம் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிரில் இருக்க வேண்டும். நடுவில் சாதாரண அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் பரப்பி வைத்திருக்கும் கடைகளில் இதைப் பார்க்கலாம். கரண்டி விட்டுக் கிளறும்போது அடியிலிருந்து ஆவி எழுந்தால் சரி. மேலே ஏடு கட்டி, ஓரம் காய்ந்து, கிளறினாலும் ஆவி வராவிட்டால் அதைத் தொட வேண்டாம்.

பலர் பயப்படாத பொருள் சோறு. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. வெந்த சோறு வெளியே ஆறிக் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. சாப்பிட்டு 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் ஆறிய சோற்றை வறுத்துத் தரும் வகைகளைக் கேட்கும்போது, அந்தச் சோறு குளிர்பெட்டியில் இருந்து வருகிறதா, மேடையில் திறந்து கிடந்ததா என்று ஒரு கண் பாருங்கள்.

எண்ணெய்: புது எண்ணெயில் பண்டம் விழுந்ததும் பெரிய குமிழி எழுந்து உடனே உடையும். பலமுறை காய்ந்த எண்ணெயில் பொடிக் குமிழிகள் நுரையாகத் திரண்டு, பண்டத்தை எடுத்த பிறகும் ஓரத்தில் நிற்கும். கரண்டியிலிருந்து வடியும்போது கொழகொழவென்று இழையும். அடுப்பைக் குறைத்திருக்கும்போதே புகை வந்தால் அந்தச் சட்டியில் இருந்து எதுவும் வேண்டாம். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சிதைந்து சேரும் பொருள்களுக்குப் போலார் சேர்மங்கள் என்று பெயர், அவற்றுக்குப் பல நாடுகள் 24 முதல் 27 சதவீதம் வரை உச்ச வரம்பு வைத்திருக்கின்றன. கடையில் நின்று அதை அளக்க நம்மால் முடியாது, நுரையையும் புகையையும் பார்க்கலாம்.

பச்சைக் கறி வெட்டிய பலகையில் வெள்ளரியும் வெங்காயமும் வெட்டுகிறார்களா என்றும் கவனியுங்கள். ஐஸ் விஷயத்தில் ஏமாற வேண்டாம்: உறைய வைப்பதால் கிருமிகள் எல்லாம் செத்துவிடாது. தண்ணீரில் சந்தேகம் இருந்தால் அதே தண்ணீரில் செய்த ஐஸிலும் அதே சந்தேகம்தான்.

—

ஒன்று விட்டுப்போய்விட்டது. கூட்டத்தில் யாருக்காவது வேர்க்கடலை, முட்டை, இறால் போன்றவை ஒத்துக்கொள்ளாது என்றால், கேள்வியைச் சப்ளையரிடம் நிறுத்தாதீர்கள், மாஸ்டர் காதுக்குப் போகட்டும். "இறால் போடலை" என்று சப்ளையர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் இறால் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கும் பொரிந்திருக்கும். கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த மிச்சமே போதும். சின்னச் சமையலறையில் தனிச் சட்டி கிடைப்பது கஷ்டம். அப்படிப்பட்டவர் உடன் வந்தால் பொரித்த வகையை அந்த மேசையே விட்டுவிடலாம்.

—

அடுத்தது பில். நட்பு உரசுவது இங்கேதான்.

எல்லாரும் நடுவில் வைத்துப் பங்கிட்டுச் சாப்பிட்டிருந்தால் சமமாகப் பிரிப்பதில் வம்பு இல்லை. ஒருவர் கறி தொடாதவர், இன்னொருவர் இரண்டு ஜூஸ் குடித்தார் என்றால் சமப் பங்கு அநியாயம். கணக்கு இப்படிப் போடலாம்: பொதுவான ஐட்டங்களை அதைச் சாப்பிட்ட ஆள் எண்ணிக்கையால் வகுங்கள், தனி ஐட்டங்களை அவரவர் பேரில் எழுதுங்கள். பிறகு பில்லின் மொத்தத் தொகையை, வரிக்கு முந்தைய தொகையால் வகுத்து வரும் எண்ணை ஒவ்வொருவர் பங்கோடும் பெருக்குங்கள். ஐட்டங்கள் சேர்ந்து 800, வரியோடு 880 என்றால் அந்த எண் 1.1. ஒருவர் பங்கு 150 என்றால் அவர் தர வேண்டியது 165. வரியைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் போட்டால், குறைவாகச் சாப்பிட்டவர் மற்றவர் வரியையும் கட்டுவார்.

கல்லாவில் ஒரே ஆள் கட்டட்டும், மற்றவர்கள் அங்கேயே அவருக்கு அனுப்பிவிடட்டும். "நாளைக்குத் தரேன்" என்பதுதான் மறந்துபோகும். கட்டுவதற்கு முன்னால் பில்லில் ஐட்டம் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னது பில்லில் அப்படியே நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

—

குறை இருந்தால் இரண்டு வாய்க்குள் சொல்லிவிடுங்கள். உப்புக் கூடினால், வேகாவிட்டால், அந்தக் கட்டத்தில் மாற்றித் தருவார்கள். தட்டைக் காலி செய்துவிட்டுச் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மிச்சத்தைப் பார்சல் கட்டும்போது பொரித்ததையும் குழம்பையும் தனித்தனியாக வாங்குங்கள். பொரித்த டப்பாவின் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் ஆவி வெளியே போகும், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் நமத்துவிடும். வெளியே நின்று பேசும் நேரத்தையும் அந்த 2 மணி நேரக் கணக்கில் சேர்த்து, வீட்டுக்குப் போனதும் குளிர்பெட்டியில் வையுங்கள்.