வீட்டுக் கோழியா, பண்ணைக் கோழியா? எல்லைப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வேலந்தாவளத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம்ங்க. எங்கள் வீடு வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி கேரளாப் பக்கம். போன வாரம் கோயமுத்தூரிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். வாசலில் கோழி எச்சத்தைப் பார்த்ததும், "கடையில் ஆறேழு ரூபாய்க்கு முட்டை கிடைக்கிறது, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நான்கு வருடமாகச் சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன். இப்போது பெட்டை பதினொன்று, சேவல் இரண்டு. கடை முட்டையும் பிராய்லர் கறியும் வீட்டுக்குள் வருவதே இல்லை. கரையான் பிடித்துப் போடும் வித்தையை மாமியாரிடம் கற்றேன். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, தென்னை மட்டைத் துண்டு எல்லாவற்றையும் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் ஓடும் இடத்தில் பொழுது சாயக் கவிழ்த்து வைப்பேன். விடிந்ததும் பானையை நிமிர்த்தினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளியும். பஞ்சாரத்தைத் தூக்கியவுடன் குஞ்சுகள் ஓடி வரும் வேகம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் அன்றைய அலுப்பெல்லாம் போய்விடும். அப்படித் தின்று வளர்ந்த கோழியின் முட்டையில் கரு செம்மஞ்சளாக, உருண்டையாக நிற்கும். கடை முட்டையில் வெளிறிப் போய்ப் பரந்துவிடும்.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறி இருந்தது, இப்போது கட்டுக்குள் இருக்கிறது. மூத்த மகள் தை மாதம்தான் வயதுக்கு வந்தாள், பதினான்கு முடிந்து. அவள் பள்ளியில் பத்து வயதிலேயே பெரியவளான பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊசி போட்டு வளர்த்த பிராய்லரைத் தின்றால் வேறென்ன ஆகும்? இவளுக்குத் தினமும் விடியற்காலை ஒரு பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறேன். என் பாட்டி எனக்குக் கொடுத்ததுதான்.

பல்லடம் பண்ணைக்காரன்:
அக்கா, எங்கள் அம்மாவும் கரையான் பானை வைப்பார். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஊசி என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பன்னிரண்டு வருடமாக ஒப்பந்த முறையில் பிராய்லர் வளர்க்கிறேன். ஒரு கொட்டகையில் ஐயாயிரம் கோழி. வளர்ச்சி ஊசி போட வேண்டுமானால் ஐயாயிரத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட வேண்டும். கொட்டகையில் வேலை பார்ப்பது நானும் என் மனைவியும்தான். நடக்கிற காரியமா? கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் இனத் தேர்வும் தீவனமும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 என மூன்று காலத்து இறைச்சிக்கோழி வம்சங்களுக்கு ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 2014ல் முடிவு வெளிவந்தது. 56 நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். எதற்கும் ஊசி இல்லை. தலைமுறை தலைமுறையாக எடை கூடுவதைப் பார்த்துப் பார்த்து இனம் சேர்த்ததன் விளைவு அது.

அப்புறம் கணக்கு. சிறுவிடை வருடத்துக்கு மூன்று நான்கு ஈடு (முட்டையிடும் சுற்று) வைக்கும், மொத்தம் அறுபது முட்டை என்று வைத்துக்கொள்வோம். பதினொரு பெட்டைக்கு 660. அதிலும் அடை வைக்க எடுத்தது போக மீதிதான் சாப்பிட. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆளுக்கு வருடம் 180 முட்டை என்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 900 வேண்டும். இடமும் தோப்பும் உள்ள உங்களுக்கே பற்றவில்லை. தமிழ்நாட்டில் சத்துணவுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை போடுகிறார்கள். நாமக்கல் பண்ணைகள் இல்லாமல் அது நடக்குமா? வாடகை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த ஒரு முட்டையைக் கெட்டது என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை தம்பி:
அண்ணா, ஊசி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். தீவனத்திலும் தண்ணீரிலும் கலக்கிற மருந்தைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? 2014ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அந்தப் பகுதிக் கடைகளில் 70 கோழிக்கறி மாதிரி எடுத்துச் சோதித்தது. நூற்றுக்கு நாற்பதில் ஆன்டிபயாடிக் எச்சம். கோலிஸ்டின் என்பது மனிதனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது. அதையே இங்கே கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை செய்தது. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "இந்தக் கிருமிக்கு மூன்று மருந்தும் கேட்கவில்லை" என்று டாக்டர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அது கோழியால் வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தை லேசாக விட என்னால் முடியாது.

பல்லடம் பண்ணைக்காரன்:
தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மருந்து கொடுத்தால் இத்தனை நாள் கழித்துத்தான் கோழியை எடுக்க வேண்டும் என்று கெடு உண்டு. விலை ஏறுகிற வாரத்தில் அதைப் பார்க்காமல் ஏற்றி அனுப்புகிறவர்களை எனக்கே தெரியும். அது தப்பு. நான் தடுப்பூசி போட்டு, தரையில் போடும் தென்னை நார்க் கழிவை ஈரமாகாமல் கிளறிவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன், மருந்துச் செலவு பாதியாகிவிட்டது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் என் கொட்டகைக் கோழியைத்தான் சாப்பிடுகிறார்கள்.

பாலக்காட்டுச் சித்தூர் நர்ஸ்:
அக்கா, கோபப்படாமல் கேளுங்கள். பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கும் குழந்தைப் பருவத்தில் உடம்பு எடை கூடுவதற்கும் தொடர்பு உண்டு. குடும்ப வழியும் உண்டு. உங்களுக்கு எத்தனை வயதில் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குக் கவலையாக இருப்பது அந்தப் பச்சை முட்டை. நீங்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறீர்கள். ஆனால் சால்மோனெல்லா கிருமி நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்று பார்க்காது. பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் கோழியின் குடலிலும் இருக்கும். எச்சம் பட்ட ஓட்டிலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு வரும். எங்கள் வார்டுக்குக் காய்ச்சலும் பேதியுமாக ஒரு மூன்று வயதுக் குழந்தை வந்தது. அம்மாவிடம் விசாரித்தபோது, குஞ்சை நாள் முழுக்க மடியில் வைத்து முத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும் என்றார். எதனால் வந்தது என்று உறுதி செய்ய முடியவில்லை, ஆனால் அன்றிலிருந்து என் பிள்ளையைக் குஞ்சைத் தொட்டால் சோப்புப் போடாமல் உள்ளே விடுவதில்லை.

சத்துக்காகத்தானே பச்சையாகக் கொடுக்கிறீர்கள்? 1998ல் பெல்ஜியத்தில் ஐந்து பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். வேகவைத்த முட்டையின் புரதம் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51தான். அவித்துக் கொடுத்தால் பாட்டி நினைத்த சத்து கூடுதலாகத்தான் சேரும். நல்லெண்ணெயை உளுந்தங்களியில் ஊற்றிக் கொடுங்கள்.

வேலந்தாவளத்துக்காரி:
மூன்று தலைமுறை குடித்திருக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். 91, 51 என்று படித்ததும் நிறுத்திவிட்டேன். நாளையிலிருந்து அவித்தே கொடுக்கிறேன்ங்க. ஆனால் கரு நிறத்தை விடமாட்டேன். அது சும்மாவா?

பாலக்காட்டுச் சித்தூர் நர்ஸ்:
நிறம் கீரை, மக்காச்சோளம் மாதிரித் தீனியிலிருந்து வருவது. பண்ணையில் தீவனத்தோடு செண்டுமல்லிச் சாறு கலந்தாலும் அதே நிறம் வரும். புரதம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் மேய்ச்சலால் கிடைக்கும் நன்மை உண்மையாகவே இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2010ல் வெளியிட்ட ஆய்வில், புல்வெளியில் மேய்ந்த கோழி முட்டையில் வைட்டமின் ஈ கூண்டுக்கோழி முட்டையைப் போல இரண்டு மடங்கு, ஒமேகா 3 கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல். வெயிலில் திரிந்த கோழியின் கருவில் வைட்டமின் டி மூன்று நான்கு மடங்கு என்று ஜெர்மனியில் 2014ல் கண்டார்கள். உங்கள் முற்றம் அந்தப் புல்வெளி மாதிரி என்றால் உங்கள் முட்டையும் அப்படி இருக்கும்.

அண்ணனுக்குச் சர்க்கரை குறைந்ததே, முட்டை தவிர வேறு என்னென்ன மாற்றினீர்கள்?

வேலந்தாவளத்துக்காரி:
மறைக்க ஒன்றுமில்லை. சாயங்காலம் பேக்கரியில் டீயும் பப்ஸும் நின்றது. ராத்திரிச் சோறு பாதியாகக் குறைந்தது. கோழிகளைத் தேடிப் பிடித்து அடைக்கத் தோப்பை இரண்டு சுற்று வருவார், மாத்திரையும் தவறாமல் போடுகிறார். முட்டையை மட்டும் சொன்னது சரியில்லைதான்.

மீனாட்சிபுரம் மாந்தோப்பு:
முற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். முதலமடைப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. பூ எடுக்கும் காலத்தில் அடிக்கிற மருந்துக்குக் கணக்கே இல்லை. மூன்று வருடம் முன்பு மருந்தடித்த மறுநாள் மரத்தடியில் செத்து விழுந்த பூச்சியைக் கொத்திய கோழிகளில் நான்கு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு மாலைக்குள் செத்தன. அது கண்ணுக்குத் தெரிந்தது. சாகாமல் பிழைத்த கோழிகளின் முட்டையில் என்ன இருந்ததோ, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். இப்போது மருந்தடித்தால் பதினைந்து நாள் வலைக்குள்ளேயே அடைத்துத் தீனி போடுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து வீட்டுக் கோழி முட்டைகளை 2022ல் ஆராய்ந்தபோது, கடை முட்டையை விடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது. பழைய பெயின்ட், அந்தக் காலத்துப் பெட்ரோல் புகை எல்லாம் மண்ணில் தங்கி, மண்ணைக் கொத்திய கோழி வழியாக முட்டைக்கு வந்திருக்கிறது. வீட்டு முட்டை என்ற பெயர் மண்ணைச் சுத்தம் செய்துவிடாது. நம் ஊரில் பழைய பேட்டரி உடைத்த இடம், குப்பை எரித்த இடம் பக்கம் கோழியை விடாதீர்கள். தெர்மகோலை எங்கே கண்டாலும் கொத்தித் தின்னும், அதையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை தம்பி:
அப்படியென்றால் வளர்க்கவே வேண்டாம் என்கிறீர்களா?

மீனாட்சிபுரம் மாந்தோப்பு:
நான் இன்னும் இருபது கோழி வளர்க்கிறேன் தம்பி. பார்த்து வளர்க்கச் சொல்கிறேன்.

பொள்ளாச்சி ஓய்வு ஆய்வாளர்:
முப்பத்தோரு வருடம் கால்நடைத் துறையில் ஊர் ஊராகப் போனவன். இத்தனை பேர் எழுதியும் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அம்மா, நான்கு வருடத்தில் உங்களுக்கு எத்தனை கோழி செத்தது?

வேலந்தாவளத்துக்காரி:
அய்யா, போன சித்திரையில் நான்கே நாளில் ஒன்பது. இறகைத் தொங்கப் போட்டு, தூங்கித் தூங்கி, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து போய்விட்டது. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், கீழாநெல்லி அரைத்து உருண்டை கொடுத்தேன். நிற்கவில்லை. மூன்றைச் சாகும் முன்னே அறுத்துக் குழம்பு வைத்தோம், இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். மீதியை வாய்க்காலில் போட்டேன்.

பொள்ளாச்சி ஓய்வு ஆய்வாளர்:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வெள்ளைக் கழிச்சலாகத்தான் தெரிகிறது, ராணிக்கெட் என்பதும் அதுதான். வந்த பிறகு மருந்து கிடையாது. மூலிகை உருண்டையால் தப்பித்ததாகச் சொல்லப்படும் கோழிகளில் பல, தானாகவே தாங்கியவை. வருமுன் தடுப்பது ஒன்றுதான் வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரம் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கை அடியில் ஊசி. பிடித்து ஊசி போட முடியாத ஊர்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தே உருவாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் பிப்ரவரியில் தடுப்பூசி முகாம் நடக்கும். உங்கள் பக்கம் மிருகாசுபத்திரியில் கேளுங்கள்.

சீக்குக் கோழியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததும் வாய்க்காலில் போட்டதும்தான் எனக்கு வலிக்கிறது. அது உங்கள் தெருவிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் பாதை. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அது பறவைக்காய்ச்சலாக இருந்திருந்தால்? 2014 நவம்பரில் குட்டநாட்டில் வாத்துகளில் வந்தது, 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம், 2024 ஏப்ரலில் மறுபடி ஆலப்புழை. ஒவ்வொரு முறையும் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வண்டிகளுக்கு மருந்து தெளித்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வீட்டுக் கோழியையும் விடமாட்டார்கள். திடீரென்று கூட்டமாகச் செத்தால் அறுக்காதீர்கள், கையால் தொடாதீர்கள், உடனே ஆசுபத்திரிக்குச் சொல்லுங்கள்.

பல்லடம் பண்ணைக்காரன்:
அய்யா சொன்னது எங்களுக்கும் வேண்டியது. வீட்டுக் கோழியில் வருவது எங்கள் கொட்டகைக்கும் வரும், எங்கள் கொட்டகையில் வருவது வீட்டுக்கும் போகும். அக்கா, தடுப்பு மருந்துக் குப்பியில் பெரும்பாலும் நூறு கோழிக்கு இருக்கும். கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பதின்மூன்று கோழிக்காக யாரும் உடைக்க மாட்டார்கள், அதனால்தான் பலரும் போடாமலே விடுகிறார்கள். தெருவையே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலந்தாவளத்துக்காரி:
இன்று சாயங்காலம் ஆறு வீடு ஏறி இறங்கினேன். எங்களுடையதையும் சேர்த்து 71 கோழி. போன வருடம் சீக்குக் கோழி வாங்கிக்கொண்ட அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்கும் அதே வாரம் ஐந்து செத்திருக்கிறது, அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை. மிருகாசுபத்திரியில் சனிக்கிழமை மருந்து தருவதாகச் சொன்னார்கள். ஐஸ் போட்ட ஃபிளாஸ்க் கொண்டுவரச் சொன்னார்கள். பகலில் போடலாமா, கோழி அடைந்த பிறகா அய்யா?

பொள்ளாச்சி ஓய்வு ஆய்வாளர்:
அடைந்த பிறகு போடுங்கள். வெயில் இருக்காது, பிடிப்பதும் சுலபம். அன்றைக்கு நோயாகத் தெரியும் கோழிக்கு மட்டும் போட வேண்டாம், அதைத் தனியாக வையுங்கள். வீட்டுக்கு வீடு போகும்போது கையையும் செருப்பையும் கழுவிக்கொள்ளுங்கள். எட்டு வாரம் ஆகாத குஞ்சு எத்தனை என்று நாளைக்கே எண்ணி ஆசுபத்திரியில் சொல்லிவிடுங்கள், அதற்கான மருந்து வேறு.