ஒட்னர் வகைக் கைச்சுற்று கணக்கு மெஷினுக்குத் தமிழில் கையேடு: அச்சு, கட்டு, ஐஎஸ்பிஎன், கூடவே ஒரு மெஷின் கோளாறு

கைப்பிடி (சுங்கை சிப்புட்):

வணக்கம். பழைய கைச்சுற்று கணக்கு மெஷின்களை இயக்கவும் பராமரிக்கவும் தமிழில் ஒரு கையேடு எழுதி, சொந்தச் செலவில் போடப் போகிறேன். ஒரிஜினல் ஒட்னர், புருன்ஸ்விகா, ஜப்பானிய டைகர் என ஒட்னர் வகை (நெம்பில் எண் வைத்து, கைப்பிடியால் பல் உருளையைச் சுற்றும் அமைப்பு) மட்டும்தான். ஏ5 அளவு, 160 பக்கம், முதலில் 200 பிரதி.

பாதி எழுத்து யூனிகோடுக்கு முந்தைய குறியீடான டிஸ்கி எழுத்துருவில் இருக்கிறது, மீதி யூனிகோட். மாற்றிப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் போட்டால் "கொ", "தோ" எல்லாம் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. இது எழுத்துருக் கோளாறா? கட்டுக்கு அச்சகத்தில் பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை ஒட்டும் கட்டு) சொல்கிறார்கள், சரியா? ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) எங்கே வாங்குவது?

கடைசியாக, படம் பிடிக்க வைத்திருக்கும் ஒட்னரில் கூட்டல் சரியாக வருகிறது. பூஜ்யத்திலிருந்து 1 கழித்தால் மட்டும், வரிசையாக 9 வரவேண்டிய இடத்தில், வலப்பக்கம் நாலு 9 வந்து அதற்கு மேல் எல்லாம் 0 ஆகவே நிற்கிறது. மூடியைக் கழற்ற வேண்டுமா?

ஈயஎழுத்து (ஈப்போ):

எழுத்துருவில் கோளாறு இல்லை தம்பி. இன்டிசைன் வழக்கமாகப் பயன்படுத்தும் கம்போசருக்கு (எழுத்தை வரியில் அடுக்கும் பகுதிக்கு) இந்திய எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாது. பேரகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் "அடோபி வேர்ல்ட் ரெடி பேரகிராஃப் கம்போசர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பேசிக் பேரகிராஃப் ஸ்டைலிலேயே மாற்றிவிட்டால் அதிலிருந்து பிறக்கும் மற்றவையும் மாறும். தலைப்பு, படக்குறிப்பு, அட்டவணை ஸ்டைல்களைத் தனியாக ஒருமுறை பாருங்கள். அங்கேதான் ஒன்றிரண்டு தப்பி நின்று, அச்சான பிறகு கண்ணில் படும்.

டிஸ்கியிலிருந்து மாற்றிய பகுதியை அப்படியே நம்பாதீர்கள். "ஔ" வரவேண்டிய இடத்தில் "ஒ"வும் "ள"வும் தனித்தனியாக இருக்கும். "கொ" என்பது ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இருக்கலாம். தாளில் வேற்றுமை தெரியாது. பொருளகராதி அடுக்கும்போது ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்து நிற்கும். முழுக் கோப்பையும் ஒருமுறை என்எஃப்சி முறைக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியாக்கும் யூனிகோட் முறை) மாற்றிவிட்டு அகராதியைத் தொடங்குங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போதும். திறந்த உரிமம் என்பதால் விற்கும் புத்தகத்திலும் பிடிஎஃப்பிலும் தாராளமாகப் பதிக்கலாம். பழைய எழுத்துருக்களில் பலவற்றுக்கு அந்த உரிமை கிடையாது. இலக்கங்களுக்கு மட்டும் எல்லா இலக்கமும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவைத் தனியாக வையுங்கள். மெஷினில் இலக்கம் தெரியும் சன்னல்களை வரிசையாகக் கட்டம் போட்டுக் காட்டும்போது 1 ஒடுங்கி 8 அகன்று நின்றால் எந்த இலக்கம் எந்த இடத்தில் என்றே தெரியாது. எழுத்துக்குத் தனிக் கறுப்பு நூறு சதம் மட்டும். நாலு மையும் கலந்த கறுப்பு கொஞ்சம் விலகினாலும் புள்ளியும் சுழியும் மங்கிவிடும்.

இனி கட்டு. அச்சகத்தார் சொல்வது அவர்களுக்குச் சுலபம், உங்கள் வாசகருக்கு இல்லை. இந்தப் புத்தகத்தைப் படிப்பவரின் வலக்கை கைப்பிடியில் இருக்கும், இடக்கை எண் வைக்கும் நெம்பில் இருக்கும். பக்கத்தை அழுத்திப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. சாதாரண ஹாட்மெல்ட் பசைக் கட்டு விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும், அழுத்தினால் முதுகு பிளந்து தாள் உதிரும். என் யோசனை: இரண்டாகப் பிரியுங்கள். வரலாறு, அமைப்பு, பழுது எல்லாம் 112 பக்கத்தில் பசைக் கட்டு. முடிந்தால் பியூஆர் பசை கேளுங்கள், அது நன்றாக வளையும். பயிற்சிக் கணக்குகள் மட்டும் 48 பக்கத்தில் நடுவில் ஸ்டேபிள் போட்ட தனி ஏடு. அது மேசையில் தட்டையாகக் கிடக்கும். 112, 48 இரண்டுமே பதினாறால் வகுபடுவதால் பின்னால் ஆஃப்செட்டுக்குப் போனாலும் வெற்றுப் பக்கம் மிஞ்சாது. 200 பிரதிக்கு டிஜிட்டல் போதும், பிளேட் செலவு வீண்.

தாள் 80 கிராம் சிமிலி (பூச்சில்லாத வெள்ளைத் தாள்). ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்; 112 பக்கம் என்றால் 56 தாள், முதுகு ஐந்தரை மில்லிமீட்டர் சுமார். அட்டை வடிவமைக்கும் முன் அதே தாளில் வெற்று மாதிரி ஒன்று கட்டித் தரச் சொல்லி அளந்து பாருங்கள். தாளின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நார் குறுக்கே ஓடினால் பக்கம் அலை அலையாக நெளியும். அட்டைக்கு 260 கிராம் ஆர்ட் கார்ட், மேட் லேமினேஷன், நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டுமிகை.

பல்சக்கரம் (கூலிம்):

மூடியைக் கழற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கோளாறு உடலிலா வண்டியிலா (விடைச் சன்னலைத் தாங்கி இடம் வலமாக நகரும் பகுதி) என்று அது காட்டிவிடும்.

வலக்கடைசி நெம்பில் 1 வைத்து, வண்டியை ஓரிடம் வலப்பக்கம் தள்ளி, விடைச் சன்னலைத் துடைத்துவிட்டு (எல்லா இடத்தையும் 0 ஆக்கி) கழித்தல் பக்கம் ஒரு சுற்று சுற்றுங்கள். இப்போது வலக்கடைசியில் 0 இருக்கும், 9 வரிசை வலமிருந்து இரண்டாமிடத்திலிருந்து தொடங்கும். எத்தனை 9 என்று எண்ணுங்கள். நாலு வந்தால் கோளாறு உடலோடு நிற்கிறது, அதாவது கைப்பிடியோடு சுற்றும் பல் உருளையில். மூன்றுதான் வந்தால் வண்டியோடு நகர்கிறது, வண்டிக்குள் இருக்கும் நெம்பைப் பாருங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நாலுதான் வரும். ஒட்னர் அமைப்பில் பத்து ஏற்றுவதற்கு (ஓரிடம் 9க்கும் 0க்கும் இடையே கடக்கும்போது அடுத்த இடத்தை ஒன்று மாற்றுவதற்கு) ஒவ்வொரு இடத்துக்கும் உருளையில் இரண்டு ஊசிகள். ஒன்று கூட்டலுக்கு, ஒன்று கழித்தலுக்கு. இலக்கச் சக்கரம் 9க்கும் 0க்கும் இடையே கடக்கும்போது ஒரு நெம்பைத் தள்ளிவைக்கும். உருளை சுற்றி வரும்போது அந்த நெம்பு ஊசியைப் பக்கவாட்டில் சாய்க்க, சாய்ந்த ஊசி அடுத்த சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும். நெம்பு இரண்டு திசைக்கும் பொது. கூட்டல் சரியாக வருவதால் நெம்பு நல்ல நிலையில் இருக்கிறது, கழித்தல் ஊசி ஒன்றுதான் காய்ந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மேல் மூடியை மட்டும் எடுங்கள். எந்தத் திருகு எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று அட்டையில் குத்தி வையுங்கள், நீளம் வேறுபடும். கைப்பிடியை மெதுவாகச் சுற்றி ஐந்தாமிடத்து ஊசி மேலே தெரியும்படி கொண்டுவாருங்கள். சுற்றைப் பாதியில் நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் பாதியிலிருந்து பின்னால் திருப்பாதீர்கள். தடைப்பல் இருக்கிறது, அழுத்தினால் அதுதான் உடையும். மெல்லிய தூரிகையால் ஒயிட் ஸ்பிரிட் அல்லது லைட்டருக்கு ஊற்றும் நாப்தா வைத்து அந்த ஊசியின் அடியில் நனையுங்கள். நாப்தா சட்டென்று தீப்பிடிக்கும், அறைச் சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஓர் இரவு ஊறட்டும். பிறகு பல்குச்சியால் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் ஸ்பிரிங் அதை டக்கென்று திருப்பி அனுப்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் இன்னும் அழுக்கு இருக்கிறது. தள்ளிய இடத்திலேயே நின்றுவிட்டால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கலாம்.

தின்னர் வேண்டாம், பெயின்ட்டையும் இலக்கங்களில் நிரப்பிய நிறத்தையும் தின்றுவிடும். டபிள்யூடி-40 அடித்தால் அன்றைக்கு வழுக்கும், நாளானால் அதுவே பிசினாகும். காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு வைத்தால் போதும்.

கையேட்டில் ஒரு விஷயத்தைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: பல மாடல்களில் பத்து ஏற்றும் ஊசிகள் விடைச் சன்னலின் இடக்கடைசி வரை கிடையாது. சோதனையில் 9 வரிசை கடைசி இரண்டு மூன்று இடங்களுக்கு முன்பே நின்றால் அது அமைப்பு, கோளாறு இல்லை. இது தெரியாமல் நல்ல மெஷினைப் பிரித்துப் போட்டவர்கள் நிறைய.

நூலடுக்கு (தாப்பா):

ஐஎஸ்பிஎன்னுக்குத் தேசிய நூலகமான பெர்புஸ்தாகாஆன் நெகாரா மலேசியாவில் விண்ணப்பியுங்கள், கட்டணம் இல்லை. தனிநபரும் பதிப்பாளராக வாங்கலாம். அச்சுக்கும் மின்னூலுக்கும் வேறு வேறு எண். எண் கைக்கு வருவதற்கு முன் அட்டையை அச்சுக்கு அனுப்பாதீர்கள். வெளியான பிறகு 1986ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து பிரதி தேசிய நூலகத்துக்குத் தரவேண்டும். அதனால் 200 என்பதை விற்பனைக் கணக்கில் 195 என்று வையுங்கள். அச்சிட்டவர், பதிப்பாளர் இருவரின் பெயரும் முகவரியும் உள்பக்கத்தில் ரூமி (ரோமன்) எழுத்தில் இருக்கட்டும்.

கம்பெனிகளின் பழைய கையேட்டுப் படங்களை ஸ்கேன் செய்து போடாதீர்கள், உரிமைப் பிரச்சினை வரும். கோட்டுப் படமாக நீங்களே வரைந்து வெக்டராக வையுங்கள். 80 கிராம் சிமிலியில் குரோம் பளபளக்கும் போட்டோ எப்படியும் சாம்பலாகத்தான் விழும்.

கைப்பிடி (சுங்கை சிப்புட்):

மிக்க நன்றி. பல்சக்கரம் அண்ணே, நாலு 9 தான் வந்தது. ஊற வைத்திருக்கிறேன். பயிற்சி ஏட்டில் ஒரு சந்தேகம்: குறுக்குவழிப் பெருக்கல், வர்க்கமூலம் இரண்டையும் எல்லா மாடலுக்கும் ஒரே மாதிரி எழுதலாமா?

பல்சக்கரம் (கூலிம்):

குறுக்குவழியை முடியாது. 487 × 98 எடுத்துக்கொள்ளுங்கள். நேராகச் செய்தால் 17 சுற்று. நூறு மடங்கு கூட்டி இரண்டு மடங்கு கழித்தால் மூன்றே சுற்று, விடை 47726. விடைச் சன்னல் எல்லா மெஷினிலும் ஒன்றுதான். சுற்று எண்ணும் சன்னல்தான் மாறும். அதில் பத்து ஏற்றம் உள்ள மாடல் 98 என்று காட்டும். இல்லாத மாடல் 1, 0, அடுத்து சிவப்பு 2 (சிவப்பு என்றால் கழித்தல்) என்று காட்டும். துடைத்தபின் முதல் சுற்று எந்தத் திசையோ அதையே கூட்டலாக எடுத்துக்கொள்ளும் மாடல்களும் உண்டு. கழித்தலில் தொடங்கினால் எண்ணிக்கை தலைகீழாகிவிடும். ஆகவே எப்போதும் வண்டியை மூன்றாமிடத்தில் வைத்துக் கூட்டல் சுற்றை முதலில் போடச் சொல்லுங்கள், பிறகு ஒன்றாமிடத்துக்கு வந்து இரண்டு கழித்தல். பக்கத்தில் இரண்டு வகைச் சன்னலையும் வரைந்துவிடுங்கள்.

வர்க்கமூலம் பொதுவாக எழுதலாம், ஒற்றைப்படை எண்களைக் கழிக்கும் முறைதானே. 529ஐ விடையில் ஏற்றி, எண்ணும் சன்னலைத் துடைக்கவும். வண்டி இரண்டாமிடம். இரண்டாம் நெம்பில் 1 வைத்து ஒரு கழித்தல், 3 வைத்து ஒரு கழித்தல், மிச்சம் 129. அடுத்த 5ஐப் போட்டால் பூஜ்யத்துக்குக் கீழே போய் மணி அடிக்கும், போடத் தேவையில்லை. நெம்பு 3ஐ 4 ஆக ஏற்றி, வண்டியை ஒன்றாமிடத்துக்கு இறக்கவும். முதல் நெம்பில் 1, 3, 5 என்று மாற்றி 41, 43, 45 மூன்றையும் கழித்தால் விடை பூஜ்யம், எண்ணும் சன்னலில் 23. பலர் தவறுவது 3ஐ 4 ஆக்க மறப்பதில்தான். அந்த வரிக்கு மட்டும் தனிக் கட்டம் போடுங்கள்.

ஈயஎழுத்து (ஈப்போ):

அந்த 48 பக்க ஏட்டில் ஒவ்வொரு கணக்கும் ஒரே விரிப்பில் (எதிரெதிர் இரண்டு பக்கத்தில்) முடியட்டும். சுற்றின் நடுவில் பக்கம் திருப்ப வைத்தால் கை கைப்பிடியை விட்டுவிடும்.