அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. நார்மல், ஆனா டாக்டர் பார்க்கின்சன்ஸ்னு சொல்றார். டிரோடாட் ஸ்கேன் எடுக்கணுமா?

நாகலூர்க்காரன்:
வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்க ஊர். அப்பாவுக்கு 63 வயசு, 30 வருஷமா காபித் தோட்டத்தில் மேஸ்திரி. ஆள் பேரும் பழம் எடையும் எழுதுற செக்ரோல் இன்னைக்கும் அவர் கையெழுத்துதான். டிசம்பர் பழ எடுப்பில் கணக்குப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு, "உங்கப்பா எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குப்பா, படிக்க முடியல" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் நல்லா ஆரம்பிச்சு, போகப் போகச் சுருங்கியிருக்கு. அப்புறம்தான் கவனிச்சேன். டிவி பார்க்கும்போது மடியில் கிடக்கிற வலது கை, திருநீறு கசக்குற மாதிரி தானா ஆடுது. டம்ளரை எடுத்தா நின்னுடுது. நடக்கும்போது அந்தக் கை வீசறதேயில்லை.

போன வருஷம் மழை பெஞ்சு காபி பூத்தப்ப மலையே மல்லிகை மாதிரி மணந்தது. அப்பா மட்டும் "இந்த வருஷம் பூ மணக்கவே இல்லையே" என்றார். கொரோனாவோட மிச்சம்னு விட்டுட்டோம். தூக்கத்தில் காட்டெருமையை விரட்டுற மாதிரி கத்திக் கை வீசறது 6 வருஷமா உண்டு. ஒருதரம் அம்மா கன்னத்தில் பட்டுருச்சு. அன்னையிலிருந்து அம்மா தனியாப் படுக்கறாங்க.

20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். எம்.ஆர்.ஐ. நார்மல். ஆனா கையை மடக்கி, நடக்க வெச்சுப் பார்த்துட்டு பார்க்கின்சன்ஸ்னு சொன்னார். கோயம்புத்தூர் போய் டிரோடாட் எடுத்தா உறுதியாயிடும்னு மாமா சொல்றார். படம் நார்மல்னா நோய் எங்கிருந்து வந்தது? முன்னாடியே ஸ்கேன் எடுத்திருந்தா தடுத்திருக்கலாமா? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடல.

குகைத்தெரு:
தம்பி, எனக்குச் சேலம் குகை. அணு மருத்துவப் பிரிவில் 14 வருஷமா டெக்னீஷியன்.

எம்.ஆர்.ஐ. மூளையோட உருவத்தைக் காட்டும். கட்டி, பக்கவாதம், நீர் கோத்தது எதுவும் இல்லைன்னு பார்க்கத்தான் அதை எடுக்கச் சொல்றாங்க. பார்க்கின்சன்ஸில் அழியறது நடுமூளையில் டோபமைன்ங்கற, உடம்பு அசைவைச் சீரா வெச்சுக்கிற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள். காந்த சக்தி கூடுதலான 3 டெஸ்லா மெஷினில் தனி முறையில் எடுத்தா அந்த இடத்தில் தகைவிலான் குருவியோட வால் மாதிரி ஒரு பிளவு தெரியும், நோய் வந்தா அது மறைஞ்சிடும். வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் இதைப் பார்க்க முடியறது அபூர்வம்.

டிரோடாட் வேற வேலை. டெக்னீசியம்-99எம்ங்கற கதிர்வீச்சுப் பொருள் சேர்த்த மருந்தை ஊசியில் போடுவோம். அந்தச் செல்களில் டோபமைனை உள்ளே இழுத்துக்கிற புரதத்தில் அது போய் ஒட்டும். 3, 4 மணி நேரம் காத்திருக்கணும், அப்புறம் தலையைச் சுத்திக் காமிரா. நல்ல மூளையில் ரெண்டு காற்புள்ளி எதிரெதிரா நிக்கும். நோயில் வால் முதல்ல தேயும், கடைசியில் முற்றுப்புள்ளிதான் மிச்சம். அப்பாவுக்கு வலது கைங்கறதால இடது பக்க மூளையில் தேய்மானம் கூடுதலா இருக்கும். கதிர்வீச்சுக்குப் பயப்படாதீங்க, 6 மணி நேரத்துக்கு ஒருதரம் பாதியாக் குறையும்.

என் தொழிலே இதுதான். ஆனாலும் சொல்றேன், உங்கப்பாவுக்கு இது இப்ப தேவைப்படாதுன்னுதான் எனக்குத் தோணுது. ஒரு பக்கக் கை, சும்மா இருக்கும்போது நடுக்கம், சுருங்கின எழுத்து, மூக்கு, தூக்கம், எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுது. வேற வகை நடுக்கமா, மாத்திரையால வந்ததான்னு டாக்டருக்கே சந்தேகம் வந்தா அப்ப எடுங்க. பார்க்கின்சன்ஸ் மாதிரியே இருக்கிற பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ.ன்னு வேற மூளை நோய்களை இந்தப் படம் பிரிச்சுக் காட்டாது.

தடுத்திருக்கலாமான்னு கேட்டீங்க. கை ஆடறதுக்குப் பல வருஷம் முன்னாடியே படம் மங்கத் தொடங்கும், அது உண்மை. தூக்கத்தில் கை வீசறவங்களை வெச்சு அந்த ஆராய்ச்சியும் நடக்குது. ஆனா செல் அழியறதை நிறுத்துற மருந்து இன்னும் வரல. 6 வருஷம் முன்னாடி படம் எடுத்திருந்தாலும் நீங்க கொடுக்கறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது. தூங்குங்க தம்பி.

அம்மாபேட்டை தறி:
ஒரு விஷயம் தம்பி. அப்பா சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் முதல்ல எடுத்துப் பாருங்க. எங்கம்மா வயித்தெரிச்சலுக்குக் கொடுத்த கேப்சூலை ஒரு வருஷத்துக்கு மேல விடாம சாப்பிட்டாங்க. ரெண்டு கையும் இறுகிப்போய் தறியில் நாடா தள்ள முடியல, முகத்தில் சிரிப்பே போச்சு. அட்டையில் பேன்டோபிரசோலோட லெவோசல்பிரைடுன்னு பொடி எழுத்தில் இருந்தது. டிரோடாட் எடுத்தோம், நார்மல். அப்ப செல் அழியல, கேப்சூலோட வேலைதான்னு டாக்டர் அதை நிறுத்தினார், நாலு மாசத்தில் அம்மா மறுபடி தறியில் உக்காந்தாங்க. தலைசுத்தலுக்குத் தர்ற சின்னரிசின், ஃப்ளுனரிசினும் இதே வேலையைச் செய்யும். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட அட்டையைக் காட்டிக் கேளுங்க.

நாகலூர்க்காரன்:
அக்கா, அட்டையெல்லாம் பாயில் கொட்டிப் பார்த்தேன். பிரஷர் மாத்திரையும் சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும்தான். டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன்.

அண்ணே, ஸ்கேனை இப்போதைக்கு விட்டாச்சு. டாக்டரும் அதையேதான் சொன்னார். மூளையில் டோபமைனா மாறுற லெவோடோபா மாத்திரை தொடங்கி 3 வாரமாச்சு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. பக்கத்து வீட்டில் பூனைக்காலி விதைப்பொடி கொடுத்தாங்க. அதிலயும் லெவோடோபாதான் இருக்கு, ரெண்டையும் சேர்த்துக் கொடுக்காதீங்கன்னு டாக்டர் கண்டிச்சுச் சொன்னார்.

நேத்து செக்ரோலைப் பார்த்தேன். கடைசிப் பேர் வரைக்கும் படிக்க முடியுது. விரல் ஆட்டம் கொஞ்சம் இருக்கு. வாசனை இந்த மாத்திரைக்கு வராதாம். வீட்டில் காபிக்கொட்டை வறுக்கும்போது பதம் சொல்றது எப்பவும் அப்பாதான், மோந்து பார்த்துச் சொல்வார். இப்ப அடுப்புப் பக்கத்தில் நின்னு நிறம் பார்த்துச் சொல்றார்.