'சாப்பிட்டீங்களா?'வை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வணக்கம். வார இறுதிகளில் ஐந்து பேருக்கு ஆன்லைனில் பேச்சுத் தமிழ் சொல்லித் தருகிறேன். இருவர் ஜெர்மானியர்கள், மற்றவர்கள் வட இந்தியர்கள். இலக்கணம் பரவாயில்லை. 'நாம', 'நாங்க' வேறுபாட்டைக்கூடப் பிடித்துவிட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில்.

"சாப்பிட்டீங்களா?" என்பது பல நேரம் நலம் விசாரிப்புதான் என்றேன். சரி, உண்மையிலேயே சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று திருப்பிக் கேட்டார் ஒருவர். எனக்கே பதில் வரவில்லை! இன்னொருவர், மாமியார் காபி கொடுக்கும்போதெல்லாம் 'நன்றி' சொல்லி, "நான் என்ன வெளியாளா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மொழியியலாளர் டெல் ஹைம்ஸ் சொன்ன தொடர்பாடல் திறன் இதுதான்: வாக்கியம் பிழையில்லாமல் இருந்தால் போதாது, யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது என்பதும் தெரிய வேண்டும். மொழிக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் பைரம் 1997இல் ஒரு படி மேலே போய், தாய்மொழிக்காரரைப் போலவே ஆவதை இலக்காக வைக்கக் கூடாது, இரு பண்பாடுகளுக்கும் நடுவே நின்று பேசத் தெரிய வேண்டும் என்றார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஞாயிறு காலை வகுப்பில் என்ன செய்வது?

நடித்துப் பார்க்கும் பயிற்சிகள், இயல்பான உரையாடல் ஒலிப்பதிவுகள் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். அப்புறம், 'தமிழர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்று மாணவர்கள் முடிவுகட்டாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? மதுரை வழக்கும் யாழ்ப்பாண வழக்கும் ஒன்றில்லையே. இப்படி இடமறிந்து பேசும் திறனுக்குத் தேர்வு வைத்தவர்கள் இருந்தால், எப்படி மதிப்பெண் போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.