பார்சிங்: வெட்டுவது மட்டும் போதாது

> தேதி ஃபார்மேட்டிங் – தேதி வடிவமைப்பு. தேதி பார்சிங் – தேதிப் பகுப்பு. இப்படியே வைத்துக்கொள்ளலாமா?

அண்ணா, வணக்கம். நம் மென்பொருளின் தமிழ்ச் சொற்பட்டியலுக்காக நீங்கள் கேட்டது இது. பார்சிங் என்றால் எழுத்தாக வந்த தேதியில் நாள், மாதம், ஆண்டு எவை என்று கணினி அறிந்துகொள்வது; ஃபார்மேட்டிங் என்றால் அவற்றை மீண்டும் தேதியாக எழுதிக் காட்டுவது.

'வடிவமைப்பு' ஏற்கெனவே டிசைனுக்குப் போய்விட்டது, அதற்குப் பிறகு வருகிறேன். எனக்கு உறுத்துவது 'பகுப்பு'தான்.

10/07/1806 என்பதைச் சாய்கோட்டில் வெட்டினால் மூன்று எண்கள் கிடைக்கும். எது நாள், எது மாதம்? வேலூர்க்காரர்களுக்குச் சந்தேகமே வராது, கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது ஜூலை 10. ஆனால் பைத்தான் நிரல்மொழியில் தேதிகளைப் படிக்க உதவும் டேட்யூட்டில் (dateutil) என்ற நிரலகத்திடம் (லைப்ரரி) வேறெதுவும் சொல்லாமல் இதைக் கொடுத்தால் அக்டோபர் 7 என்று எடுத்துக்கொள்ளும். மாதம் முதலில் வரும் என்பதுதான் அதன் இயல்பான அனுமானம். வெட்டியது சரி, அறிந்ததுதான் தப்பு.

பேரணாம்பட்டில் என் மாமாவின் தோல் மண்டிக் கணக்கு நோட்டைக் கணினியில் ஏற்றியபோது நானும் வரிசையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 13/07 ஒழுங்காக ஜூலையில் உட்கார்ந்தது, 13ஆவது மாதம் கிடையாது என்பதால் நிரலே நாளையும் மாதத்தையும் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டது. 10/07 அக்டோபருக்குப் போய்விட்டது. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்களின் வரவுதான் இப்படிச் சிதறியது, பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. பட்டியலைப் பார்த்த மாமா, "இவர் ஆனியிலேயே பணம் குடுத்துட்டாரே, நவராத்திரிக்குன்னு போட்டிருக்கே?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே சொல்லில் 'அறிதல்' இருந்தாக வேண்டும். 'பகுத்தறிதல்' பொருத்தம்தான், ஆனால் பகுத்தறிவு என்றதும் நம் ஊரில் மனம் வேறு பக்கம் போய்விடும்.

பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். 'நடந்தான்' என்பதை நட + த் + த் + ஆன் என்று பிரிப்போம். இரண்டு 'த்' வருகின்றன. முன்னது சந்தி (அதுதான் 'ந்' ஆகத் திரிந்தது), பின்னது காலம் காட்டும் இடைநிலை. ஒரே எழுத்து, இடத்தைப் பொறுத்து வேறு வேலை. 10, 07 என்ற எண்களின் நிலையும் இதேதான். துண்டு ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரைச் சொன்னால்தான் உறுப்பிலக்கணத்துக்கு மதிப்பெண், பிரித்து எழுதினால் மட்டும் கிடைக்காது.

எனவே என் பரிந்துரை: பார்சிங் – உறுப்பறிதல். தேதியை உறுப்பறி, உறுப்பறிந்த தேதி என்று வினையாகவும் பெயரெச்சமாகவும் வளைகிறது.

ஃபார்மேட்டிங்குக்கு 'தொடுத்தல்'. அதே மூன்று பூக்களை நாம் 10-07-1806 என்று தொடுக்கிறோம், தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 ஆண்டை முதலில் வைத்து 1806-07-10 என்று தொடுக்கிறது. இரண்டு வேலைக்கும், எது முதலில் எது பிறகு என்று நாம் கணினிக்குக் கொடுக்கும் குறிப்பை (DD-MM-YYYY போல) 'உறுப்பு வரிசை' எனலாம். நேர வலயமும் அதில் ஓர் உறுப்புதான், இந்திய நேரத்துக்கு +05:30.

> உறுப்பு என்றால் கை கால்தான் நினைவுக்கு வரும் தம்பி. மாணவர்கள் குழம்ப மாட்டார்களா?

அண்ணா, அசையையும் சீரையும் செய்யுள் உறுப்பு என்று படித்த பிள்ளைகள்தானே? சங்கத்தில் சேருகிறவரையும் உறுப்பினர் என்கிறோம். முழுமையில் தனக்கென்று ஒரு வேலை உள்ள பாகம் என்ற பொருள் இந்தச் சொல்லில் முன்பே இருக்கிறது. 'பகுதி', 'துண்டு' இரண்டிலும் அது இல்லை.

பிழைச் செய்தியில் வைத்துப் பார்த்தேன். "தேதியைப் பகுக்க இயலவில்லை" என்றால் பயனர் என்ன செய்வார்? "தேதியை உறுப்பறிய இயலவில்லை: மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 13 உள்ளது" என்றால் எங்கே திருத்துவது என்று தெரிகிறது. 'தொடுத்தல்' பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை, அதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிவிடலாம். 'உறுப்பறித'லை மட்டும் சொற்பட்டியலில் சேர்த்து, அடுத்த வெளியீட்டின் பிழைச் செய்திகளில் போட்டுப் பார்ப்போம் அண்ணா.