புதுப்பிப்பு: சுண்டிக்குளம் சைக்கிள் ஓட்டம், போய் வந்தாச்சு

யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட வாகனத் தொல்லையில்லாமல், காட்டுக்குள்ளால சைக்கிள் ஓட ஒரு ரோட்டு இருக்கோ எண்டு போன மாதம் கேட்டிருந்தன். மறுமொழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சரிவந்தது, "ஏ9 பெருந்தெருவில மினக்கெடாதை, மருதங்கேணி வரைக்கும் சைக்கிளைப் பட்டா லொறியில ஏத்திக்கொண்டு போ" எண்ட யோசனைதான். விடிய ஆறு மணிக்கு அங்கை இறங்கி, கட்டைக்காடு தாண்டிச் சுண்டிக்குளம் பக்கம் மிதிச்சன். ஒரு பக்கம் பனங்கூடலும் பற்றைக்காடும், மற்றப் பக்கம் கடல் இரைச்சல். முதல் ஒரு மணித்தியாலத்தில எதிர்ப்பட்டது மீன்பெட்டி கட்டின ஒரு மோட்டார் சைக்கிளும் ஏழெட்டு மாடும்தான். மாடுகள் விலகேல்லை, நான்தான் விலகினன்.

சுண்டிக்குளம் 1938-இல பறவைகள் சரணாலயமான இடம், 2015-இலதான் தேசியப் பூங்காவாச்சு. அடர்ந்த காடு எண்டு நினைச்சுப் போகாதேங்கோ. வெயில் ஏறினால் நிழலே இல்லை. மாசி மாதம் எண்டபடியால் கடல்நீரேரியில பூநாரைகள் நிண்டுது, தூரத்தில வெளிர்சிவப்புக் கோடு மாதிரி.

எதிர்பாராதது ரெண்டு. வாடைக்காத்து பக்கவாட்டில தள்ளிக்கொண்டே இருந்தது. மற்றது முள்: ஒதுங்கி நிண்டு தண்ணி குடிச்ச இடத்தில முன் ரயரில ஏறியிட்டுது. ஒட்டுப்போடுற சாமானும் பம்பும் கொண்டுபோ எண்டவருக்குத் தனி நன்றி. மணல் ஏறிக் கிடந்த இடங்களில இறங்கி உருட்டினன். ஒடுங்கின ரயர் அங்கை சரிவராது.