ஹெல்ப் திரையில் ஆப்ஷன் வரிசை: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கருந்திரை:
இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஆபீஸுக்குள்ளேயே எழுதிய, கட்டளை அடித்து ஓட்டும் பேக்கப் டூல். ஹெல்ப் கொடுத்தால் எல்லா ஆப்ஷனும் (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் தேர்வுகள்) அகரவரிசையில் கொட்டும். சின்ன 'பி' (p) பிரிவ்யூ, பெரிய 'பி' (P) பர்ஜ், அதாவது அழிப்பது. அகரவரிசை என்பதால் அடுத்தடுத்த வரி. இரண்டு விளக்கமும் 'பழைய நகல்கள்' என்றே தொடங்கும். பிரிவ்யூ வெறுமனே காட்டும், அழிக்காது என்கிற பகுதி மடங்கிய வரியில் கிடந்தது. ராத்திரி டிஸ்க் நிரம்பிவிட, பக்கத்து சீட்காரர் எதெல்லாம் அழியும் என்று பார்க்கத்தான் ஹெல்ப்பைத் திறந்தார். கண் ஒரு வரி இறங்கிவிட்டது. என்டர் தட்டியதும் ஃபைல் பெயர்கள் வரிசையாக ஓடின. பிரிவ்யூதான் என்று இரண்டு பேரும் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தோம். டிஸ்க்கில் காலியிடம் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

பழைய_ஷெல்:
இதற்கு அகரவரிசையைக் குறை சொல்லாதீர்கள். அடுத்தவர் எழுதிய ஸ்கிரிப்டைப் படிக்கிறவனுக்கு ஃபிளாக், அதாவது ஆப்ஷன், கண்முன்னே இருக்கிறது, அது என்ன செய்யும் என்பதுதான் தெரியாது. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் ஹெல்ப்பில் நேராக அந்த எழுத்துக்குப் போய்விடலாம். எங்கள் டீமில் ஒரு டூலைத் தலைப்பு வாரியாகப் பிரித்தார்கள். டைம்அவுட்டை 'நெட்வொர்க்'கில் தேடினேன், இல்லை. 'இதர'வில் இருந்தது. பாதி ஆப்ஷன் 'இதர'வில்தான்! உங்கள் டூலில் கோளாறு வரிசையில் இல்லை, எதிரெதிர் வேலைக்கு ஒரே எழுத்தைக் கொடுத்ததில்.

நடுநிசி_லாக்:
@பழைய_ஷெல் எழுத்து ஒன்று என்பது சரி, ஆனால் இரண்டையும் ஒட்டி உட்காரவைத்தது வரிசைதானே?

என் கதை சின்னது. புதிதாகச் சேர்ந்த ஒருவர், இணையத்திலிருந்து தரவு இறக்கும் கர்ல் டூலின் பழைய பதிப்பில் ஹெல்ப் போட்டார், திரை நிற்காமல் ஓடியது, கடைசியில் என்னிடமே வந்து கேட்டார். 2020 அக்டோபரில் வந்த 7.73.0 பதிப்பிலிருந்து அதிகம் புழங்கும் சில ஆப்ஷன்கள் மட்டும் முதலில் வரும். ஹெல்ப்புக்குப் பின்னால் வகைப் பெயர் கொடுத்தால் அந்த வகை, 'ஆல்' என்றால் அத்தனையும். டூல் எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைப் பின்பற்றுங்கள். பைத்தானில் ஆப்ஷன்களைக் கையாளும் ஆர்க்பார்ஸ் நூலகத்தில் குரூப் பிரிக்க வசதி இருக்கிறது. பிரிக்காவிட்டால் எல்லா ஃபிளாக்கும் ஒரே தலைப்பில் குவியும். பைத்தான் 3.10க்கு முன்பு அந்தத் தலைப்பு 'ஆப்ஷனல் ஆர்க்யுமென்ட்ஸ்' (கட்டாயமில்லாதவை), கட்டாயம் தரவேண்டிய ஃபிளாக்கூட அதற்குள்தான் வரும்! ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார் டூலின் ஹெல்ப்பைப் பாருங்கள், முதன்மை வேலைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அழிக்கிற ஆப்ஷனுக்குத் தனித் தலைப்பு கொடுங்கள், ஒற்றை எழுத்துச் சுருக்கம் வேண்டவே வேண்டாம், முழுப் பெயரை அடிக்கட்டும். விளக்கத்தின் முதல் சொல்லிலேயே அழிக்குமா காட்டுமா என்று தெரிய வேண்டும். தலைப்புக்குள் அகரவரிசை வைத்தால் பழைய_ஷெல்லுக்கும் வசதி.

பழைய_ஷெல்:
எந்தத் தலைப்பு என்றே தெரியாதவனுக்கு உள்ளே அகரவரிசை இருந்து என்ன பயன்?

தனி_இழை:
ஹெல்ப்பை ஸ்டாண்டர்ட் எரருக்கு, அதாவது பிழைச் செய்திகளுக்கான தனி வழிக்கு, எழுதும் டூல் ஒன்று மாட்டியது. சொல் தேடும் கிரெப்புக்கு பைப் போட்டு (வழக்கமான வெளியீட்டை மட்டும் அதற்குத் திருப்பி) தேடினால் எதுவும் வடிகட்டாமல் மொத்தமும் திரையில் கொட்டியது. பயனர் கேட்டு வாங்கும் ஹெல்ப் அந்த வழக்கமான வெளியீட்டுக்கு, ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்குப் போகட்டும். தேட முடிந்தால் எந்த வரிசையானாலும் நான் சமாளித்துக்கொள்வேன்.